எதிர்நீச்சலிடும் சீடத்துவம்

இயேசு எருசலேமை நோக்கிப் பயணமாகிக்கொண்டிருந்தபோது பெருந்திரளான மக்கள் அவரோடு கூடவே நடந்து சென்றனர். தலைவர் ஒருவருக்கு இத்தகைய கூட்டம் சேருமாயின், அதனை மேலும் பெருக்குவதற்கான வழியையே அவர் நாடுவார். நம் ஆண்டவரோ திரும்பிப் பார்த்து, கூட்டத்தைக் குறைக்கக்கூடிய வார்த்தைகளையே பேசுகின்றார். தந்தை, தாய், மனைவி, மக்கள், உடன்பிறந்தோர், ஏன் தம் உயிரைக்கூடத் தமக்கு அடுத்த இடத்தில் வைக்க இயலாதவர் தம் சீடராய் இருக்க முடியாது என்று தெளிவாகவே கூறிவிடுகின்றார். தம் சிலுவையைச் சுமந்துகொண்டு பின்வராதவருக்கும் சீடர் என்னும் பெயர் பொருந்தாது என்கின்றார். கோபுரம் கட்ட விரும்புகின்றவர் முதலில் உட்கார்ந்து, அதற்காகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கமாட்டாரா என்றும் வினவுகின்றார் (லூக் 14:25-33).

இப்பகுதியை நாம் திருப்பலியிலே பலமுறை கேட்டிருக்கின்றோம். எனினும் இதே அதிகாரத்தின் தொடக்கத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அங்கே இயேசு பரிசேயர் ஒருவரின் வீட்டில் விருந்துண்ண அமர்ந்திருக்கின்றார். விருந்தினர் முதலிடங்களைத் தேடி அமர்வதைக் கண்டு, கடைசி இடத்தில் போய் அமருங்கள் என்று அறிவுரை கூறுகின்றார். விருந்துக்கு அழைத்தவரைப் பார்த்து, திருப்பி அழைக்க வசதியுள்ள நண்பர்களையும் உறவினரையும் செல்வந்தரான அயலவரையும் விட்டுவிட்டு, கைம்மாறு செய்ய இயலாத ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் அழையுங்கள் என்கின்றார். சிலுவையைச் சுமப்பது பற்றிய கடுமையான போதனை இதன் பின்னரே வருகின்றது. ஆகவே சீடத்துவத்தின் விலையைப் பற்றிப் பேசும் அதிகாரம் ஒரு பந்தியில்தான் ஆரம்பமாகின்றது. யாரோடு அமர்கின்றோம், யாரை அழைக்கின்றோம், யாரை வாசலோடு நிறுத்திவிடுகின்றோம் என்பவை கிறிஸ்துவுக்குச் சிறிய காரியங்கள் அல்ல.

கணக்குப் பார்த்த ஒரு குடும்பத் தலைவர்

இப்போதனையை வாழ்ந்து காட்டியவர்களைத் தேடும்போது நம் நினைவுக்கு முதலில் வருவோர் துறவிகளும் குருக்களுமே. குடும்பம், தொழில், உறவு, ஊர் என்னும் பிணைப்புகளுக்குள் வாழும் நம்மைப் போன்றோருக்கு இது எட்டாத உயரம் என்று எண்ணி ஒதுங்கிவிடுகின்றோம். ஆனால் தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லா நிலையினருக்கும் உரியது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு திருச்சபையைப் பற்றிய தனது ஏட்டில் தெளிவாக எடுத்துரைத்தது. அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கிய ஒரு மண்ணில், மனைவியோடு வாழ்ந்த அரண்மனை அலுவலர் ஒருவர் இவ்வழைப்புக்குத் தம் உயிரால் பதில் கொடுத்திருந்தார். அவரே 2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம். இந்தியாவின் முதலாவது பொதுநிலைப் புனிதர் என்னும் பெருமை இவருக்குரியது.

1712ஆம் ஆண்டு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்னும் ஊரிலே உயர்குலக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். கல்வியிலும் ஆயுதப் பயிற்சியிலும் தேர்ந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில், பத்மநாபபுரம் அரண்மனையிலே பொறுப்புள்ள பதவியொன்றை வகித்தார். குலப் பெருமை, பதவி, மன்னரின் நம்பிக்கை ஆகிய அனைத்தும் அவருக்கு இருந்தன.

அவரது வாழ்வில் ஏற்பட்ட திருப்பத்துக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. இலங்கையிலிருந்து ஒல்லாந்தக் கம்பனி அனுப்பிய படை 1741இல் குளச்சல் போரிலே திருவிதாங்கூரிடம் தோல்வியுற்றது. அதில் சிறைப்பிடிக்கப்பட்ட தளபதி டி லனாய் பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, அவரது படைக்கே பயிற்சியளிப்பவரானார். அவருக்கும் நீலகண்டனுக்கும் இடையே நட்பு மலர்ந்தது. அந்நாள்களில் நீலகண்டனின் குடும்பத்தை அடுத்தடுத்துத் துன்பங்கள் வாட்டின. மனம் சோர்ந்திருந்த நண்பருக்கு டி லனாய் விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்று மரபு கூறுகின்றது. உடைமைகளை இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் உறுதி அவரது உள்ளத்தைத் தொட்டது. 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்திலே இயேசு சபைக் குரு ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்றார். இறைவனால் உதவி பெற்றவர் என்னும் பொருள்படும் இலாசர் என்ற விவிலியப் பெயரே தமிழில் தேவசகாயம் என அவருக்குச் சூட்டப்பட்டது. அவருடைய மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்னும் பெயரைத் தாங்கினார்.

இந்த மனமாற்றம் தனிப்பட்ட வழிபாட்டோடு நின்றிருந்தால் பெரிய எதிர்ப்பு எழாமலே போயிருக்கலாம். தேவசகாயமோ தாம் பெற்ற நற்செய்தியைப் பிறருக்கும் அறிவித்தார். குலத்தால் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு வேறுபாடு பாராமல் கலந்து பழகினார். கடவுளின் முன்னிலையில் மனிதர் யாவரும் சமம் என்று வலியுறுத்தினார். உயர்ந்த இடத்தில் இருந்தவர்களின் பகைமையை இதுவே தூண்டியது. 1749இல் கைது செய்யப்பட்ட அவர் மூன்றாண்டு காலம் சொல்லொணாத் துன்பங்களை அனுபவித்தார். பார்ப்போர் நகைக்கும்படி எருமையின் மேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டார். இறுதியாக 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்திலே அடக்கம் செய்யப்பட்டன. ஞானப்பூ அம்மையார் சொந்த ஊருக்குத் திரும்பாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து மரித்தார் என்பர். கணவர் செலுத்திய விலையில் மனைவியின் பங்கும் இருந்தது என்பதைக் குடும்பங்களாகிய நாம் மறந்துவிடலாகாது.

எருமையின் மேல் ஏற்றிய தண்டனையைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். அது உடலை வருத்துவதற்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று. மானத்தைப் பறிப்பதற்காகவும் கொடுக்கப்பட்டது. எந்தக் குலப் பெருமையை அவர் தாமாகவே இறக்கி வைத்தாரோ, அதை இழந்தவர் இப்படித்தான் ஆவார் என்று ஊருக்குக் காட்டும் நோக்கம் அதில் இருந்தது. ஆயினும் ஏற்கெனவே மனமுவந்து இறக்கி வைத்த ஒன்றை ஒருவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. கோபுரம் கட்டுவதற்கு முன் கணக்குப் பார்த்த மனிதரின் விடுதலை இதுவே.

ஆலயத்துக்குள் எழுந்த சுவர்

இவ்விடத்திலே வேதனையான ஒரு வரலாற்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் இரண்டு பிரிவுகளாக அமைந்திருந்தது. ஒரு பக்கம் ஒரு சாதியினருக்கும் மறுபக்கம் மற்றவர்களுக்குமென நடுவே சுவர் நின்றது. பீடம் ஒன்று, பலி ஒன்று, நற்கருணை ஒன்று. மக்கள் மட்டும் இரண்டாகப் பிரிந்து நின்றனர். 1910இல் திருச்சபை அதிகாரிகள் அச்சுவரை அகற்றியபோது எதிர்ப்புக் கிளம்பியது. வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பேரில் ஆலயத்தில் தனியிடம் கோரியவர்களின் வாதம் அங்கே ஏற்கப்படவில்லை.

மறைசாட்சி ஒருவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே, அவர் எதற்காகத் துன்புற்றாரோ அதற்கு நேர்மாறான சுவர் எழ முடியுமானால், எந்தப் பங்கிலும் அது எழ முடியும். புனிதரைப் போற்றுவது எளிது. அவர் சென்ற வழியில் செல்வதே கடினம். அவரது புனிதர் பட்ட வேளையில் 'பிள்ளை' என்னும் சாதிப் பின்னொட்டு நீக்கப்பட்டு, தேவசகாயம் என்ற திருமுழுக்குப் பெயரே வாசிக்கப்பட்டதை நாம் இந்த ஒளியில் நோக்க வேண்டும். அவர் உயிரோடிருக்கையில் இறக்கி வைத்த சுமையை, இறந்து 270 ஆண்டுகளின் பின்னர் திருச்சபை அவருடைய பெயரிலிருந்தும் இறக்கி வைத்தது.

நமது முற்றத்திலே

நமது ஆலயங்களில் அத்தகைய கற்சுவர் இன்று இல்லை. ஆனால் கலியாணப் பேச்சு ஆரம்பமாகும்போது எழும் முதற் கேள்வி என்ன? பிள்ளை செபிக்கின்றவரா, உழைப்பாளியா, பொறுமையுள்ளவரா என்பதா? அல்லது குரலைத் தாழ்த்தி, "அவை எங்கட ஆக்களோ?" என்று கேட்பதா? அந்த ஒரு கேள்விக்குள் கல்லும் சாந்தும் இல்லாத சுவரொன்று நிற்கின்றது. திருமுழுக்குத் தொட்டியில் ஒரே நீரால் கழுவப்பட்டு, ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் இருவர், ஒரே வீட்டிலே வாழத் தகுதியற்றவர்கள் என்று நாம் தீர்ப்பிடுகின்றோம். கிறிஸ்துவை அணிந்துகொண்டவர்களிடையே யூதர், கிரேக்கர் என்றும், அடிமை, உரிமைக் குடிமகன் என்றும் வேறுபாடில்லை எனத் திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதியதை வாசகமாகக் கேட்டு, இறைவனுக்கு நன்றி என்று பதிலுரைத்துவிட்டு வீடு திரும்பியபின் இதைச் செய்கின்றோம்.

நம் மக்கள் இச்சுவர் இல்லாமலும் வாழ்ந்து பார்த்தவர்கள். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதாவின் திருத்தலத்தை நாடிச் செல்லும் யாத்திரிகர் மரநிழல்களில் கூடாரமடித்து, பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர் எந்த ஊர், எந்த மொழி, எந்தக் குலம் என்று கேளாமல் தண்ணீரையும் உணவையும் பகிர்ந்துகொள்கின்றனர். 1995இன் பெரும் இடப்பெயர்விலும் 2009இன் இறுதிப் போர்க் காலத்திலும், பல இடங்களில் ஒரே கிடாரத்தில் காய்ச்சிய கஞ்சிக்காக எல்லாரும் ஒரே வரிசையில் நின்றோம். உயிர் ஒன்றே மிஞ்சியிருந்தபோது மனிதர் ஒன்றாயினர். வீடும் வளவும் திரும்பக் கிடைத்தபோது பழைய எல்லைகளும் அவற்றோடு திரும்பி வந்துவிட்டன. துன்பம் கற்பித்த பாடத்தை வசதி மறக்கச் செய்யலாமா?

சீதனமும் இவ்வாறே. தேசவழமைச் சட்டத்தின்படி சீதனம் என்பது பெண்ணுக்கே உரிய உடைமை. தாய்வழியாக மகளுக்குச் சென்று, அவளுடைய வாழ்வுக்குப் பாதுகாப்பாய் அமைய வேண்டியது. இன்றோ வீடு, காணி, நகை ஆகியவற்றோடு 'டொனேஷன்' என்னும் பெயரில் பெருந்தொகைப் பணமும் மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போகின்றது. மகளுக்கு வேலியாக இருக்க வேண்டியது மகனுக்கு விலையாக மாறிவிட்டது. கத்தோலிக்கத் திருமணத்தின்போது மணமக்களிடம் முதலில் கேட்கப்படுவது, முழுமனச் சுதந்திரத்தோடு வந்திருக்கின்றீர்களா என்பதே. பல மாதப் பேரத்தின் பின் பீடத்தின் முன் நின்று அதற்கு 'ஆம்' என்று கூறும் பிள்ளைகளின் உள்ளத்தில் அவ்வேளை எழும் உணர்வு எதுவாயிருக்கும்?

எதற்கு எதிரான நீச்சல்?

எதிர்நீச்சல் என்றவுடன் நம் பண்பாட்டையே துறக்க வேண்டும் என்று எவரும் தவறாக விளங்கிக்கொள்ளலாகாது. நமது மொழி, விருந்தோம்பல், பெரியோரை மதிக்கும் பண்பு, தைப்பொங்கலன்று விளைச்சலுக்காக இறைவனுக்கு நன்றி கூறும் மரபு ஆகியவை இறைவனின் கொடைகள். அயலவர் பிற சமயத்தவராயினும் அவர்களோடு நாம் அன்புறவில் வாழ வேண்டியவர்கள். சீடர் எதிர்த்து நிற்பது அயலவரை அன்று. கிறிஸ்தவர், இந்து என்ற பேதமின்றி நம் எல்லாருக்குள்ளும் குடியிருந்து, மனிதரை மனிதரிடமிருந்து பிரித்து, அவருக்கு விலை குறிக்கும் மனப்பான்மையையே. உலகின் போக்கிற்கேற்ப ஒழுகாமல் உள்ளம் புதுப்பிக்கப்பெற்று மாற்றம் அடையும்படி உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் வேண்டுவதும் இதைத்தான் (உரோ 12:2).

நம் முன்னோருக்கு இந்த நீச்சல் புதிதன்று. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான பின்னர் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது; குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆட்சியாளரின் சபையைச் சேர்ந்தால் பதவி கிடைக்கும் என்ற நிலையிலும், பல குடும்பங்கள் குருவின்றியே செபத்தையும் விசுவாசத்தையும் வீட்டுக்குள் காத்து வந்தன. 1687இல், கோவாவின் உயர்குலத்தில் பிறந்த குருவாகிய யோசேப்பு வாஸ், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரும் செபமாலையைக் கைவிடாத மக்களைக் கண்டார். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. பின்னர் 1697இல் கண்டியில் வைசூரி நோய் பரவியபோது, உறவினரும் கைவிட்டுச் சென்ற நோயாளரை அவர் தம் கைகளாலேயே பராமரித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தது 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி. தேவசகாயத்தின் மறைசாட்சியத்தை நினைவுகூரும் நாளும் அதுவே. பிறப்பால் வந்த உயர்வை இறக்கி வைத்த இருவரையும் ஒரே நாள் நமக்கு நினைவூட்டுகின்றது.

வீட்டிலே தொடங்குவோம்

இவற்றையெல்லாம் கேட்கும் பெற்றோர் ஒருவர், "நாங்கள் கொடுக்காவிட்டால் எங்கள் பிள்ளையை யார் எடுப்பினம்?" என்று கேட்கலாம். அது நியாயமான வேதனை. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தனித்து நின்று இவ்வழக்கத்தை மாற்ற இயலாது. மாற்றும் வல்லமை வாங்குகின்றவர்களிடமே முதலில் இருக்கின்றது. ஆகவே ஆண்பிள்ளைகளைப் பெற்ற தந்தையரும் தாயரும், திருமண வயதிலுள்ள இளைஞரும் இதனைத் தம்மை நோக்கிய அழைப்பாகக் கொள்ள வேண்டும். எமக்குப் பணம் வேண்டாம், பெண்ணுக்கு நீங்கள் விரும்பிக் கொடுப்பது அவளுடையதாகவே இருக்கட்டும் என்று ஒரு குடும்பம் துணிந்து கூறினால், அவ்வூரில் அடுத்த குடும்பத்துக்கும் வாய் திறக்கத் துணிவு வரும். அன்பியக் கூட்டங்களில் இறைவார்த்தையைப் பகிர்ந்துகொள்ளும் பத்துக் குடும்பங்கள் இத்தகைய தீர்மானத்தைச் சேர்ந்தே எடுப்பார்களாயின், அது எவ்வளவு பெரிய மறைபரப்புப் பணியாகும்!

அவ்வாறே நம் விருந்துகளையும் எண்ணிப் பார்ப்போம். முதல் நன்மைக்கும் சாமத்தியச் சடங்குக்கும் திருமணத்துக்கும் நகையை அடகு வைத்து மண்டபம் எடுக்கின்றோம். அழைப்பிதழ்ப் பட்டியலில், திருப்பி அழைக்கக் கூடியவர்களின் பெயர்களே நிரம்பியிருக்கின்றன. ஒழுங்கையின் கடைசியில் வாழும் விதவைத் தாயின் பெயரும், நம் வளவில் வேலை செய்யும் குடும்பத்தின் பெயரும் அதில் உண்டா? உண்டாயின், அவர்கள் முதற் பந்தியில் அமர்த்தப்படுகின்றார்களா, எஞ்சியதைப் பெறுவதற்காகப் பின்வாசலில் காத்திருக்கின்றார்களா? லூக்கா 14ஆம் அதிகாரத்தை நம் வீட்டு விருந்தொன்றில் ஒரு தடவையேனும் நிறைவேற்றிப் பார்ப்போமாக.

பிள்ளைகளின் காரியத்திலும் ஒரு தேர்வு நம் முன் உள்ளது. புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரமும் முக்கியமானவையே. ஆயினும் ஞாயிறு காலை ரியூஷனுக்காகத் திருப்பலியும் மறைக்கல்வியும் வாரந்தோறும் கைவிடப்படும்போது, வாழ்வில் எது முதலாவது என்பதை நாம் வார்த்தையின்றியே அவர்களுக்குக் கற்பிக்கின்றோம். ஒரு காரியத்தை விரைவாக முடிப்பதற்கு மேசைக்குக் கீழே பணம் நீட்டும் தந்தையை, அயல்வீட்டைப் பற்றி இழிவாகப் பேசும் தாயைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, மலைப்பொழிவு வெறும் பாடமாகவே இருக்கும். மாறாக, இலஞ்சம் கொடுக்க மறுத்து நான்கு தடவை அலையும் தந்தையை, யாருக்கும் வேறு குவளையில் தேநீர் கொடுக்காத தாயைக் கண்டு வளரும் பிள்ளைக்குச் சீடத்துவத்தைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

இவற்றுள் எதைச் செய்ய முனைந்தாலும், "நாலு பேர் என்ன சொல்லுவினம்?" என்ற அச்சம் நம்மை வந்து தடுக்கும். அந்த நாலு பேருக்குப் பயந்தே நாம் பல நன்மைகளைச் செய்யாமல் விடுகின்றோம். தேவசகாயத்தைப் பார்த்து ஊரே பேசியது, நகைத்தது. அவரை எருமையில் ஏற்றிக் கொண்டு சென்றவர்களின் பெயர்களை இன்று யாரும் அறியார். அவருடைய பெயரோ ஆலயங்களில் மன்றாட்டாக ஒலிக்கின்றது. நம்மிடம் எவரும் உயிரைக் கேட்கவில்லை. ஒரு வீம்பை, ஒரு தொகையை, ஒரு முதலிடத்தை மட்டுமே ஆண்டவர் கேட்கின்றார்.

அவர் கேட்பதோடு நின்றுவிடுபவர் அல்லர். தமக்காக வீட்டையும் உறவையும் நிலத்தையும் விட்டவர் நூறு மடங்காகப் பெறுவார் என்று வாக்களித்தவரும் அவரே (மாற் 10:29-30). குலத்தின் எல்லையைத் தாண்டியவருக்கு முழு மனிதகுலமும் உறவாகின்றது. சீதனத்தை மறுத்த வீட்டுக்கு ஒரு மகள் அச்சமின்றி வந்து சேர்கின்றாள். கைம்மாறு எதிர்பாராத பந்தியிலே ஆண்டவரே விருந்தினராய் அமர்கின்றார்.

இவ்வாரத்தில், இரவுச் செபத்தின்போது குடும்பமாக லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசிப்போம். நம் வீட்டிலே எந்தச் சுவர் இன்னும் நிற்கின்றது என்பதை ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல், அமைதியாகக் கேட்போம். அதிலிருந்து ஒரேயொரு கல்லையாவது இவ்வாரமே அகற்றுவதற்கு உறுதி பூணுவோம். புனித தேவசகாயமும் புனித யோசேப்பு வாஸும் நமக்காகப் பரிந்து பேச, நம்மைத் தம் பின்னால் அழைக்கின்ற ஆண்டவர் நம் இல்லங்களுக்கு அந்தத் துணிவைத் தந்தருள்வாராக.